ஜூனியர் ஆர்டிஸ்ட்டுகளுக்கு உதவி உண்டு, ஆனால் ஆதாரத் தாள் இல்லையென்றால் கிடைக்காது

நடிகராகும் ஆசையில் வந்து, வாய்ப்பு வரும்வரை கூட்டக் காட்சிகளில் ஜூனியர் ஆர்டிஸ்ட்டாக நிற்பவர்களுக்கும் அரசு உதவிகள் இருக்கின்றன. பெரும்பாலானோருக்குத் தகுதியும் இருக்கிறது. "நீங்க சினிமாவுல வேலை பார்க்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று அரசு அலுவலகக் கவுண்டரில் கேட்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைய ஷூட்டிங் பேக்கப் ஆனதும், ஆள் கூட்டிவந்த ஏஜென்ட் நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பார், தன் கமிஷனை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். படத் தயாரிப்பு கம்பெனியின் வவுச்சரில் ஏஜென்ட் பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. நூறு நாள் வெயிலில் நின்றவரும் அரசுத் தாளில் வேலையே பார்க்காதவர்தான்.

முதலில் கார்டுகளைப் பிரித்துப் பாருங்கள். சங்கக் கார்டு வேறு. தமிழ்நாடு திரைப்படத் துறையினர் நல வாரிய அட்டை வேறு. மத்திய தொழிலாளர் நல அமைப்பு கொடுக்கும் சினிமா தொழிலாளர் அடையாள அட்டை வேறு. அமைப்புசாரா தொழிலாளர்களை மத்திய அரசு பதிவு செய்து தரும் இ-ஷ்ரம் கார்டு இன்னொன்று. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. சங்கக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு "எனக்கு எல்லாம் பதிவாகியிருக்கு" என்று இருந்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்கோ வீட்டில் ஒரு சாவுக்கோ உதவி கேட்கப் போகும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது.

மாநில வாரியம் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கீழ் வருகிறது. மற்ற அமைப்புசாரா தொழிலாளர் வாரியங்களைப் போல இதுவும் தொழிலாளர் துறையில்தான் இருக்கும் என்று நினைத்து, தொழிலாளர் அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நிற்காதீர்கள். "இது எங்க வேலை இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள், எங்கே போவது என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த சிக்கல் பெயர். நடிக்க வருகிறவர்கள் சினிமாப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். சங்கத்திலும் அந்தப் பெயர், கம்பெனி கடிதத்திலும் அந்தப் பெயர். ஆதாரிலும் வங்கியிலும் ஊரில் வைத்த பெயர். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். போஸ்டரில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வரட்டும், தாளில் ஆதார் பெயர்தான் வரவேண்டும். இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் அதற்கும் திருப்பி அனுப்புகிறார்கள். மனு போடுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள்.

வேலைச் சான்றை அந்தந்தப் படத்தின் ஷெட்யூல் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். படம் முடிந்தால் வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ வாடகைக்கு எடுத்திருந்த ஆபீஸைக் காலி செய்துவிடுவார்கள். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். கடிதம் கம்பெனி லெட்டர்பேடில் இருக்க வேண்டும். உங்கள் ஆதார் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை, கையெழுத்து, சீல், போன் நம்பர், இவ்வளவும் வேண்டும். படத்தின் பெயரில் கவனம் தேவை. ஷூட்டிங்கின்போது "புரொடக்‌ஷன் நம்பர் 4" என்று ஓடும் படம் வேறு தலைப்பில் ரிலீஸாகும். பழைய பெயர் மட்டும் உள்ள கடிதத்தைக் காட்டினால், அப்படி ஒரு படமே இல்லை என்பார்கள். தயாரிப்பாளர் பெயரையும் இயக்குநர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கடிதம் தர மறுக்கிறார்களா? ஒரு படத்துக்கு ஒரு நாள் சம்பளத்தையாவது ஜிபேயில், படத்தின் பெயரைக் குறிப்பில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். "நாளை காலை 6 மணி, ஈவிபி, ஒயிட் ஷர்ட்" என்று ஷூட்டிங் இடத்தையும் உடையையும் சொல்லி ராத்திரி ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் ஆதாரம்தான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். போன் போனால் எல்லாம் போய்விடும்.

மத்திய அட்டைக்கு எத்தனை படம் வேண்டும்? 1981-இன் சினிமா தொழிலாளர் நலநிதிச் சட்டம் குறைந்தது ஐந்து கதைப்படங்களில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது. சீரியலில் மட்டும் நின்றவர் அதற்கு வெளியே. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலாகி, அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. சீரியல், வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோவும் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டன. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் ஆளை வேலைக்கு எடுக்கக் கூடாது, தயாரிப்பாளர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. ஸ்பாட்டில் ஜூனியர் ஆர்டிஸ்ட்டுக்கு யாரும் ஒப்பந்தத்தை நீட்டுவதில்லை. ஆகவே ஐந்து படத்துக்கான தாளையும் சீரியல் நாட்களுக்கான தாளையும் சேர்த்தே வைத்திருங்கள். எதைக் கேட்டாலும் காட்டலாம்.

பிள்ளைகள் இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவி உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்படிப்புக்கு 25,000 வரை போகிறது. தேசிய உதவித்தொகை போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு மாதச் சம்பளம் என்றால் 8,000 ரூபாய், மொத்தமாகப் பேசி வாங்கும் தொகை என்றால் 1 லட்சம். மரியாதைக்காகக் கூட்டி எழுதினால் அங்கேயே தள்ளுபடி. சப்மிட் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பள்ளியில் அதற்கென உள்ள பொறுப்பாளர் போர்ட்டலில் சரிபார்த்து அனுப்பினால்தான் மேலே நகரும். கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் பள்ளிக்கே போய், அனுப்பியாகிவிட்டதா என்று திரையில் பார்த்துவிடுங்கள். பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். சிம் வாங்கும்போது யாரோ திறந்துவிட்ட கணக்கில் பணம் கிடக்க, இங்கே பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இ-ஷ்ரம் இலவசம். வயது 16 முதல் 59. பகலில் பி.எஃப். பிடிக்கிற வேலை பார்த்துக்கொண்டு லீவு நாளில் ஷூட்டிங் போகிறவர்களுக்கு இது கிடையாது. "கார்டு போட்டா 2 லட்சம் இன்சூரன்ஸ்" என்று பிரவுசிங் சென்டரில் சொல்வதை நம்ப வேண்டாம். அந்த 2 லட்சம் பிரதமரின் விபத்துக் காப்பீடான சுரக்‌ஷா பீமாவில் இருக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாய், உங்கள் வங்கியில் எழுதிக்கொடுக்க வேண்டும். மே கடைசியில் கணக்கிலிருந்து எடுப்பார்கள். அந்த நேரம் கணக்கு காலியாக இருந்தால் ஜூன் 1 முதல் பாதுகாப்பு இல்லை. விபத்தில் இறப்பு, முழு ஊனம் என்றால் 2 லட்சம், நிரந்தரமான பகுதி ஊனம் என்றால் 1 லட்சம். கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஒரு ரூபாயும் வராது. அந்தச் சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். சென்னைக்கு வந்தாயிற்று என்று ஊர் கார்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டு, இங்கேயும் சேர்க்காமல் இருப்பவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்.

ஸ்பாட்டில் அடிபட்டால் அடுத்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆள், "ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுப்பா, செலவை கம்பெனி பார்த்துக்கும்" என்பார். சொல்லாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவதுதான் பின்னால் உங்கள் வழக்கு. எந்த இடம், எந்தப் படம், எந்தக் கம்பெனி, எப்படி விழுந்தீர்கள் என்று சொல்லி எழுத வையுங்கள், அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி கேட்டு வாங்குங்கள். போலீஸில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். ஏஜென்ட் கூட்டிவந்த ஆள் என்று சொல்லித் தயாரிப்பாளர் கைகழுவ முடியாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் இழப்பீடு தரும் பொறுப்பு அவருக்கு உண்டு.

வடபழனிப் பக்கம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "ஆர்டிஸ்ட் கார்டு" அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் சிங்க முத்திரை இருந்தாலும் எந்த அரசு அலுவலகத்திலும் செல்லாது.

கடைசியில் அலைச்சல். அலுவலகம் சங்கத்தைக் கேள் என்கிறது, சங்கம் கம்பெனியைக் கேள் என்கிறது, கம்பெனி ஏஜென்ட்டைக் கேள் என்கிறது. வாய்வார்த்தையில் இந்தச் சுற்று முடியவே முடியாது. மனுவை எழுத்தில் கொடுத்து, தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதியுடன் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனு நகலோடு பின் செய்து வையுங்கள். மாநில வாரியம் என்றால் முதலமைச்சர் உதவி எண் 1100-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கலாம். ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். என் மனு இன்று யார் மேஜையில் இருக்கிறது, எந்தத் தேதியில் அங்கே வந்தது, எந்த விதிப்படி நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.