அதிகாலை 2.47-க்கு வந்த மரண அறிவித்தல்

"தூக்கம் அவர்கள் இன்று அதிகாலை, மூன்றாவது சீசனின் ஏழாவது எபிசோடில், எங்களை விட்டுப் பிரிந்தார். ஆறாத் துயரத்தில் ரிமோட்டும் சோஃபாவும். பதினாறாம் நாள் காரியம் நான்காவது சீசன் வந்ததும் நடைபெறும்."

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்த மரண அறிவித்தலை எழுதிய பெண் என் அறையில் உட்கார்ந்து தன் போனை நீட்டியபோது நானும் சிரித்துவிட்டேன். நல்ல எழுத்து அது. ஃபேஸ்புக்கில் அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் காத்திருந்து படிப்பார்களாம். ராத்திரி முழுக்கத் தொடர் பார்ப்பதைப் பற்றி வாரம் இரண்டு மூன்று பகடிப் பதிவுகள். போலிக் கல்யாணப் பத்திரிகை, போலி மருத்துவச் சீட்டு, போலி வேலை விண்ணப்பம் என்று எல்லா வடிவத்திலும் எழுதியிருந்தார். என்னிடம் வந்தது ஓயாத தலைவலிக்காகவும், வேலையிடத்தில் அடிக்கடி கணக்குத் தப்புவதற்காகவும். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பதிவுகளை வரிசையாகக் காட்டச் சொன்னேன். வாசகத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். 2.47. 3.10. 1.55. 4.05. ஐந்து மாதத்தில் நள்ளிரவுக்கு முன்னால் போட்ட பதிவு ஒன்றுகூட இல்லை. காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். அப்புறம் அந்த மரண அறிவித்தலைத் திரும்பவும் படித்தேன். எங்கள் ஊரில் யாராவது இறந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதே அச்சு. "இந்த நடை உங்களுக்கு எப்படி இவ்வளவு சரியாக வந்தது?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. முந்தின வருடம் அவருடைய அம்மாவுக்கு அறிவித்தல் எழுதியது அவர்தான். அம்மா போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் படுக்க முடியாமல், ஏதாவது பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் தொடரைப் போட ஆரம்பித்தார்.

அவர் பதிவுகளுக்குக் கீழே எத்தனையோ சிரிப்பு எமோஜி. துக்கம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தொடர் பார்க்கிற எல்லோருக்கும் துக்கம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கதை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தூக்கம் கெடுவது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பெல்ஜியத்தில் 18 முதல் 25 வயது வரை உள்ள 423 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. அடுக்கடுக்காக எபிசோடுகளைப் பார்த்தவர்களின் தூக்கம் தரம் குறைந்திருந்தது. அதற்கு அந்த ஆய்வு காட்டிய காரணம், படுத்த பிறகும் மனம் விழித்திருப்பது. திரையை அணைத்துவிடுவோம், ஆனால் அந்தக் குடும்பத்துச் சண்டை தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். என்னிடம் வருகிறவர்களும் கிட்டத்தட்ட இதே சொற்களில்தான் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். இரண்டு எபிசோடு கூடினால் அதில் பெரிய துண்டு போய்விடும்.

போதும் என்று முடிவெடுக்க ஓர் இடைவெளி வேண்டும். முன்பு வாரத்துக்கு ஒரு பாகம் வந்த காலத்தில் அந்த இடைவெளி தானாகவே இருந்தது. இப்போது பெயர்கள் ஓடி முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டி தூக்கத்தோடு என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே மாதம் அந்த நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கு, தூக்கம்தான் என் மிகப் பெரிய எதிரி என்று ஒரு வரி போட்டது. அதைப் பலர் பகிர்ந்தார்கள். எனக்கு அது கவலையாகத்தான் இருந்தது. நம் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறவர்களே அதை நகைச்சுவையாக்கித் தருகிறார்கள், நாமும் அதே நகைச்சுவையை நம் பெயரில் எழுதுகிறோம். தூங்காமல் இருப்பது ஊரறிந்த வேடிக்கையாகிவிட்டால், "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று ஒருவர் நிஜமாகச் சொல்வதற்கு இடமே இல்லாமல் போகும்.

இன்னொரு குடும்பம். ஆயாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. இந்த நாட்டில் தொலைக்காட்சியே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான் தொடங்கியது; அப்போது அவருக்குக் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தமிழ்ப் பேச்சை அந்தப் பெட்டியில் கேட்பது அபூர்வம். ஓடிடி வந்த பிறகுதான் தினமும் தமிழ்த் தொடர் பார்க்கிறார், பார்த்து அழவும் செய்கிறார். பதினைந்து வயதுப் பேரன் அதை ஒளித்துப் படமெடுத்து, பின்னணிக் குரல் சேர்த்து, "ஆயாவின் பத்தாவது எபிசோடு" என்று ரீல்ஸ் போட்டான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டே நாளில் அது கோயிலுக்கு வருகிறவர்கள் வரை போய்விட்டது. அதற்குப் பிறகு ஆயா கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அந்த வருடம் போகவேயில்லை. பையன் கெட்டவன் இல்லை. என் முன்னால் அழுதான். வேடிக்கைக்குத்தான் செய்தேன் என்றான், அது உண்மை.

இந்த இடத்தில் பெற்றோருக்கு நான் இரண்டு தீர்ப்புகளைச் சொல்வதுண்டு. 2005-இல் ஒரு பெரிய பீர் நிறுவனத்தின் சின்னத்தைப் பகடி செய்து டி-ஷர்ட் விற்றவருக்குச் சாதகமாக நம் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பகடியால் வியாபாரத்துக்குச் சேதம் வரும் என்பதை நிறுவனம் நிரூபிக்கவில்லை. 2011-இல் அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. பள்ளி மாணவர்கள் சிலர், தலைமை ஆசிரியர், துணைத் தலைமை ஆசிரியர் இருவரின் முகத்தையும் ஆபாசமான ஒரு படத்தில் ஒட்டிப் பரப்பியிருந்தார்கள். வேடிக்கைதான் என்று வாதாடினார்கள். துணைத் தலைமை ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்கவும் 25,000 ராண்ட் கொடுக்கவும் நீதிமன்றம் சொன்னது. நான் வழக்கறிஞர் இல்லை. பிள்ளைகள் செய்தது என்பதால் மட்டும் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாது என்பது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகவே சொல்கிறேன்.

சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் இளையவர்களோடு ஒரு பட்டறை வைத்தேன். தொடர் பார்ப்பதைப் பற்றிப் பகடிப் பதிவு செய்யுங்கள், ஆனால் கேலி யார் மேல் என்பதை முதலில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள் என்றேன். முதல் சுற்றில் எல்லாருடைய கேலியும் அம்மா மேலும் ஆயா மேலும் விழுந்தது, மிச்சம் தங்கள் மேலேயே. இரண்டாவது சுற்றில், அடுத்த எபிசோடைத் தானாக ஓடவைக்கிற அந்தப் பொத்தானைக் கேலி செய்யச் சொன்னேன். அறையே மாறிவிட்டது. ஒரு பெண் அந்தப் பொத்தானைக் கல்யாண வீட்டில் வேண்டாம் என்றாலும் இலையில் சோறு தள்ளுகிற மாமாவாக எழுதினாள். இன்னொருவன் மின்வெட்டு எழுதிய கடிதம் ஒன்றைச் செய்தான்: "உங்களை நான்தான் தூங்க வைத்தேன், நன்றி சொன்னீர்களா?" மின்வெட்டு நேரத்துக்கென்று எபிசோடுகளைப் பதிவிறக்கி வைத்துப் பார்த்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள், அதனால் அந்தச் சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. வகுப்பு முடிவதற்குள் நாலைந்து பேர் தங்கள் கணக்கு அமைப்புகளுக்குள் போய், அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். நான் சொல்லிச் செய்யவில்லை.

பகடி எழுதுகிறவர்களை நிறுத்தச் சொல்லவில்லை என்பது புரிந்திருக்கும். படிக்கிறவர்களிடம்தான் எனக்கு அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் அக்காவோ மச்சானோ தூக்கம் கெட்டதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார்களா? நேரத்தைப் பாருங்கள். ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். வாரக்கணக்கில் அதே நேரம் என்றால், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எதுவும் எழுதாமல், தனியாக ஒரு வரி கேளுங்கள். புத்திமதி வேண்டாம், போனைத் தூக்கி வை என்கிற பேச்சும் வேண்டாம். சாவைப் பற்றிய பேச்சு அதில் கலந்திருந்தால் அந்த ராத்திரியே கூப்பிடுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற நோய்க் குழுவின் இலவச எண் 0800 567 567.

அந்த மரண அறிவித்தலை எழுதிய பெண் என்னிடம் வந்த உண்மையான காரணத்தை மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார். அந்தப் பதிவுக்கு வந்த அத்தனை சிரிப்புக்கும் நடுவில், சித்தி மகள் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாளாம். "அக்கா, நீங்க சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" அதற்குப் பதில் எழுத அவருக்கு நான்கு நாள் பிடித்தது.