ஜூலையில் காணாமற்போகும் கடற்கரை

லண்டனில் வாழும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் அவரும் மனைவியும் இலங்கையின் தென்மேற்கிலுள்ள ஹிக்கடுவைக் கடற்கரையில் தங்கியிருக்கிறார்கள். மாலையில் நெடுந்தூரம் நடக்குமளவுக்கு அகன்ற மணல் அங்கே இருந்திருக்கிறது. பிறகு பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக ஜூலையில் அதே இடத்துக்குப் போனபோது, அலை விடுதியின் படிக்கட்டுக்கு அருகிலேயே வந்து மோதியது. மணல் பாதிகூட மிஞ்சவில்லை. ‘அந்த மணல் எங்கே போயிற்று? கடல் தின்றுவிட்டதா? இந்த ஜூலையில் பிள்ளைகளுடன் எந்தக் கரைக்குப் போகலாம்?’ என்று அவர் கேட்கிறார். மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது.

பருவக்காற்றைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய கரைகளை நேராகத் தாக்குகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கக் கரைகளைத் தாக்குகிறது. ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நடுவில் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல சிகரத்தோடு மலைநாடு நிற்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடாகிறது. அந்த வறண்ட வெப்பக் காற்றைத்தான் மட்டக்களப்பு மக்கள் ‘கச்சான் காற்று’ என்கிறார்கள். கச்சான் வீசும் காலமே கிழக்குக் கரையின் அமைதிக் காலம். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையருகே அலையை எழுப்ப அதற்கு இடமில்லை.

இனி மணலுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது உண்மையில் அதுதான். புயலலை மணலை அரித்துச் செல்லும் என்பது யாருக்கும் விளங்கும். ஆனால், அதே கடல் சில மாதங்களில் அதே மணலைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி? அலையும் தண்ணீர்தான், புயலலையும் தண்ணீர்தான். ஒன்று கொடுக்கவும் மற்றொன்று எடுக்கவும் காரணம் என்ன?

ஒரு மணல் துகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துகள் கடல்நீரில் நொடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் வேகத்தில் மூழ்கும். அலைமுகடு தலைக்குமேல் கடக்கும்போது அடியிலுள்ள நீர் கரையை நோக்கி நகர்கிறது. அலைப்பள்ளம் கடக்கும்போது கடலை நோக்கித் திரும்புகிறது. ஆழமற்ற இடத்தில் இந்த இரண்டு நகர்வுகளும் சமமானவை அல்ல: முன்னோக்கிய வீச்சு குறுகிய நேரமும் மிகுந்த வேகமும் கொண்டது; பின்னோக்கியது நீண்ட நேரமும் குறைந்த வேகமும் கொண்டது. இப்போது 12 விநாடிக்கு ஒருமுறை வரும் தாழ்வான, நெடிய அலை ஒன்று நம் துகளைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயர்த்துகிறது என்று கொள்வோம். அது மீண்டும் தரையைத் தொட இரண்டரை விநாடி போதும். முகடு கடக்கும் நான்கைந்து விநாடிகளுக்குள் துகள் எழும்பி, கரைப்பக்கமாகச் சிறிது பயணம் செய்து, தரையில் அமர்ந்துவிடுகிறது. நீர் திரும்பும்போது அதன் மெதுவான ஓட்டத்துக்கு அந்தத் துகளை மறுபடி கிளப்பும் வலிமை போதவில்லை. ஒவ்வோர் அலைக்கும் ஒரு சிறு அடி. ஒரு நாளைக்கு ஏழாயிரம் அலைகள்.

இதே துகளைப் பருவக்காற்றுக் காலத்து அலையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அது 6 விநாடிக்கு ஒருமுறை வரும் செங்குத்தான, உயர்ந்த அலை. உடையும்போது மணலை அரை மீட்டர் வரை கிளப்பிவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து கீழே வர 12 விநாடிக்கு மேலாகும். அதற்குள் நீர் திசை மாறிவிடுகிறது, மறுபடியும் மாறுகிறது. துகளோ இன்னும் அந்தரத்திலேயே இருக்கிறது. கரைமீது ஏறிக் குவிந்த நீர் முழுவதும் அடிவழியாகக் கடலுக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், அந்த அடியோட்டம் மிதக்கும் மணலையெல்லாம் கூடவே இழுத்துப் போகிறது. ஆக, துகள் கரைக்கு வருமா, கடலுக்குப் போகுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அது விழ எடுக்கும் நேரத்துக்கும் அலையின் கால அளவுக்கும் உள்ள விகிதமே. அமெரிக்கக் கடலோரப் பொறியியலாளர் ராபர்ட் டீன் 1973-இல் இந்த எளிய விகிதத்தை முன்வைத்தார். இத்தனை பெரிய கடற்கரையின் போக்கை ஒரு துகள் தரையில் அமரும் நேரத்தைக் கொண்டு விளக்கிவிட முடிகிறது என்பது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இழுத்துச் செல்லப்பட்ட மணலில் பெரும்பகுதி தொலைந்துபோவதில்லை. அலைகள் உடையத் தொடங்கும் இடத்துக்கு அருகே அடியோட்டம் தளர்வதால், அங்கே அது நீருக்கடியில் ஒரு மணல் திட்டாகப் படிகிறது. திட்டு உயர உயர, அடுத்து வரும் பெரிய அலைகள் அதன்மேல் உடைந்து வலிமை இழந்த பிறகே கரையை அடைகின்றன. அதாவது, தன்னிடமிருந்து பறிபோன மணலைக் கொண்டே கரை தனக்கு ஓர் அரண் அமைத்துக்கொள்கிறது. காற்று அடங்கியதும் அந்தத் திட்டிலிருந்து மணல் ஒவ்வோர் அடியாகத் திரும்பி வருகிறது.

மணலைத் திருப்பித் தரும் அந்த நெடிய அலைகள் எங்கிருந்து வருகின்றன? அவற்றில் பல தெற்கே நாற்பது, ஐம்பது பாகை அகலாங்குகளில் வீசும் புயல்களில் பிறந்தவை. 14 விநாடி அலைகளின் கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்; 45 பாகை தெற்கிலிருந்து இலங்கைக்கு வர ஆறு நாள் ஆகும். கன்னியாகுமரிப் பக்கம் காற்றே இல்லாத நாளில் திடீரென்று எழும் ‘கள்ளக்கடல்’ இதே உறவைச் சேர்ந்தது. கச்சான் காலத்தில் கிழக்கே அறுகம்பைக்கு அலைச்சறுக்கு வீரர்கள் உலகெங்கிலுமிருந்து வருவதற்கும் இதுவே காரணம்: தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்து நுழைகிறது, நிலத்திலிருந்து வீசும் காற்று அதன் முகத்தை மெழுகியதுபோல் வழவழப்பாக்குகிறது. சறுக்குவோருக்கு உகந்த அந்த முனை, சிறு பிள்ளைகள் குளிக்க உகந்தது அன்று.

மணல் திட்டு பாதுகாப்பையும் தருகிறது, ஆபத்தையும் உண்டாக்குகிறது. திட்டுக்கும் கரைக்கும் இடையே குவியும் நீர், திட்டில் எங்காவது பள்ளம் இருந்தால் அதன் வழியாக ஆறுபோல் கடலுக்குப் பாய்கிறது. ரிப் நீரோட்டம் எனப்படும் இதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்துக் கரைசேர முடியாது. கொடுமை என்னவென்றால், ஆழமான பள்ளத்தில் அலை உடையாததால் அந்த இடமே இரண்டு பக்கமும் உள்ள நுரைகளுக்கு நடுவில் அமைதியாகத் தெரிகிறது; நீச்சல் தெரியாதவர்கள் அதையே தேர்ந்தெடுத்து இறங்குகிறார்கள். அடிக்கடி மூழ்கிச் சாகும் இடத்தைக் கண்டால் ‘கடல் ஆண்டுக்கொரு பலி கேட்கிறது’ என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இழந்தவர்களின் துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அந்த வாக்கியம் அடுத்தவரைக் காப்பாற்றாது. நீரோட்டத்தை எதிர்க்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேற வேண்டும். நீந்த இயலாவிட்டால் மிதந்தபடி கை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் இதைக் கற்பிக்க வேண்டும்.

மணல் குறைந்ததைக் கண்டதும் கல் கொட்டுவதும் சுவர் எழுப்புவதும் வழக்கமாகிவிட்டது குறித்தும் எனக்கு வருத்தமுண்டு. 1870களில் கட்டத் தொடங்கப்பட்ட சென்னைத் துறைமுகம் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கரை அரிந்தது. மாதந்தோறும் ஒரே கோட்டில் கரையின் மட்டத்தை அளப்பதற்குச் செலவு மிகக் குறைவு. அவ்வாறு பத்தாண்டு அளந்த கணக்கு கையில் இருந்தால், பருவத்தோடு போய் வரும் மணல் எது, நிரந்தரமாக இழக்கும் மணல் எது என்று பிரித்தறியலாம். அந்த அளவீட்டுக்குப் பணம் ஒதுக்கிய பிறகே சுவருக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, ஜூலையில் பிள்ளைகளுடன் போகும் வாசகருக்கு என் பரிந்துரை, அப்போது அமைதியாக இருக்கும் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடா. வளைந்த குடாவும் வெளியே உள்ள பவளப்பாறையும் அலையைத் தடுத்துவிடுவதால், அங்கே இடுப்பளவு நீரிலேயே நெடுந்தூரம் நடக்கலாம். நீருக்கடியில் பவளமும் மீன்களும் பார்க்க விரும்பினால் நிலாவெளியில் தங்கிப் புறாத்தீவுக்குப் படகில் செல்லலாம். டிசம்பரிலோ ஜனவரியிலோ போகிறவர்களுக்கு மிரிஸ்ஸவும் உனவட்டுனவும் ஏற்றவை. மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அமைதியாக இருக்கும். பயணத்தில் தெற்கிலுள்ள காலி நகர் வழியாகப் போக நேர்ந்தால், ஹிக்கடுவையிலும் சிறிது நேரம் நிறுத்துங்கள். குளிக்க வேண்டாம், படிக்கட்டில் நின்றபடி, கரைக்கு அப்பால் அலைகள் முதன்முதலில் வெண்மையாக உடையும் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் ஜனவரியில் நடந்த மணலில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.