மூங்கிலுக்குள் வளரும் தவளை: பெயரைச் சரியாக எழுதுவது ஏன் முக்கியம்?

களக்காடு முண்டந்துறைக் காடுகளில் வாழும் ராவோர்செஸ்டிஸ் கலாசோட்ஸ் என்ற புதர்த்தவளை கட்டைவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். பளிச்சென்ற பச்சை உடல், சாம்பல் நீலத் தொடை, கண்ணில் பொன் திட்டுகள். 1876இல் விலங்கியலாளர் குந்தர் இதை இக்சாலஸ் கலாசோட்ஸ் என்று பதிவு செய்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தகவலே இல்லை. மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011இல் வெளிவந்தது.

இடையில் பேரினம் (பெயரின் முதல் சொல், நெருங்கிய இனங்களின் தொகுதி) மாறியது. பழைய பதிவுகளில் இக்சாலஸ், பிலாட்டஸ் என்ற பெயர்களில்தான் தேட வேண்டும். தவளை ஆய்வாளர் சி. ஆர். நாராயண ராவின் பெயரால் 2010இல் உருவான ராவோர்செஸ்டிஸ் பேரினத்தில் இப்போது உள்ளது. குடும்பம் ரகோபோரிடே. முழுப்பெயர்: ராவோர்செஸ்டிஸ் கலாசோட்ஸ் (குந்தர், 1876). அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள், குந்தர் வைத்த பேரினம் இது அல்ல என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆங்கிலத்தில் இதற்குக் 'குமிழ்க்கூட்டுத் தவளை' என்றொரு பெயர் உண்டு. அதை நம்பினால் தவறிவிடுவோம். நீர்மேல் நுரைக்கூடு கட்டுபவை இதே குடும்பத்தின் வேறு பேரினங்கள். ராவோர்செஸ்டிஸுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். குட்டையில் வலை வீசித் தலைப்பிரட்டை தேடியவர் 'இங்கே இல்லை' என்று எழுதினால், அது தவளையின் குறையல்ல, தேடிய முறையின் குறை.

தேட வேண்டிய இடம் ஓக்லாண்ட்ரா நாணல் மூங்கில். இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிளவு இருக்கும். தவளை உடலை நெருக்கி அதன் வழியே உள்ளே போகும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டியிருக்க, ஆண் தவளை காவல் இருக்கும். அது விலகினால் அதே இனத்தின் வேறு ஆண்களே முட்டைகளைத் தின்றுவிடும். ஆகவே படத்துக்காக ஆணை வெளியே எடுப்பது ஒரு ஈற்றையே அழிப்பதற்குச் சமம். மூங்கிலைப் பிளந்து பார்ப்பதும் அப்படியே.

வனத்துறை அனுமதி பெற்றுச் செல்பவர்கள் மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவை (குழாய் முனையில் பொருத்திய சிறு கேமரா) பிளவு வழியே மெதுவாக விடலாம். தொடை, விரல்நுனி, கண் மூன்றும் தெரியப் படம் எடுங்கள். முதுகை மட்டும் எடுத்தால் வேறு பச்சைப் புதர்த்தவளைகளோடு குழம்பும். கூவலையும் பதிந்துகொள்ளுங்கள், காற்று வெப்பநிலையைக் குறித்து. பாதுகாத்த மாதிரிகளில் பச்சை நிறம் நிற்பதில்லை. அதனால் உயிருள்ளபோது எடுத்த படமே ஒப்பிட உதவும்.

காலணியில் ஒட்டிய சேற்றை அடுத்த ஓடைக்குப் போகுமுன் கழுவி, நன்றாக உலர விடுங்கள். தவளைகளுக்குத் தோல்நோய் தரும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்தில்தான் பயணிக்கும்.