உளவாளி குதிக்கும் அந்த ஒரு வினாடி

புதுச்சேரி துய்மா வீதியில் ஒரு உளவாளி நகைச்சுவைப் படத்துக்கு ஷூட்டிங் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ரகசிய ஆவணத்தைத் திருடிய கதாநாயகன் மாடி பால்கனியிலிருந்து குதிக்கிறார். பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் பூ வண்டி ஒன்று சரியாகக் கீழே வந்து நிற்கிறது. சாமந்திக் குவியலுக்குள் விழுந்து, எழுந்து, கோட்டை உதறிவிட்டு நடக்கிறார். தியேட்டரே சிரிக்கும். இந்தச் சிரிப்புக்காக ஸ்டன்ட் மாஸ்டரும் இசையமைப்பாளரும் தனித்தனியாகப் போடும் கணக்குகள் ஒரே இடத்தில் வந்து சேர்வது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

முதலில் விழுவது. அந்தப் பகுதியின் பழைய வீடுகளில் தளங்கள் உயரமானவை. பால்கனியிலிருந்து விழும் தூரம் 5 மீட்டர் என்று கொள்வோம். அதைக் கடக்க ஏறக்குறைய 1 வினாடி ஆகும். தரையை நெருங்கும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். ஆளைக் காயப்படுத்துவது வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான். விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் புவியீர்ப்பைப் போல 100 மடங்கு வேகத்தளர்ச்சி, எலும்பு தாங்காது. 1 மீட்டரில் நின்றால் 5 மடங்குதான். பயிற்சி பெற்ற உடம்பு அதைத் தாங்கும்.

அந்த 1 மீட்டரைத் தருபவை பூக்களுக்கு அடியில் இருக்கும் காலி அட்டைப் பெட்டிகள். அடுக்கடுக்காக வைத்து, சரிந்து விலகாதபடி சுற்றிலும் கயிறு கட்டி, மேலே மெத்தை விரிப்பார்கள். அட்டை நசுங்கும்போது விழுந்தவரின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். நசுங்கியது திரும்ப எழாததால் ஆளை மேலே தூக்கி எறியாது. வெறும் ஸ்பிரிங் மெத்தையில் அந்த ஆபத்து உண்டு. டூப் கலைஞர் காலை ஊன்றி இறங்குவதும் இல்லை. மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுவார். விசை பரவிவிடும்.

புதுச்சேரியில் இதில் இன்னொரு கவலை சேர்கிறது. கடற்காற்றின் ஈரம் அட்டைக்குள் இறங்கினால் அது தொளதொளத்துவிடும். அப்புறம் பெட்டிகள் எதிர்ப்பே காட்டாமல் அமுங்கி, விழுந்தவர் வண்டிப் பலகையில் போய் மோதுவார். பெட்டிகளை இரவு முழுக்க வெளியே விட்டுவைத்து மறுநாள் அப்படியே பயன்படுத்தக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சரி, இனி ரீரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை சேர்ப்பது. படம் வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஆகவே இந்தக் குதி 24 ஃப்ரேம். ஆனால் சண்டைக் காட்சிகளில் கேமராவை 20 ஃப்ரேமில் ஓட்டிப் படமெடுப்பதும் உண்டு. அப்போது அதே குதி திரையில் 20 ஃப்ரேமில் முடிந்து விறுவிறுப்பாகத் தெரியும். இசையமைப்பாளருக்கு இந்த எண் முக்கியம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம். 20 ஃப்ரேம் அதில் அடங்காது. 144 தட்டுக்கு மாற்றினால் ஒரு தட்டுக்கு 10 ஃப்ரேம். முதல் தட்டில் பால்கனியை விட்டால் மூன்றாவது தட்டில் பூவுக்குள் இருப்பார். வாசிப்பவர்கள் காதில் இந்தத் தட்டுதான் கிளிக் டிராக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

இசை சிரிப்பு மூட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோமாளித்தனமான வாத்தியம் வாசித்தால் காட்சி பாதியாகிவிடும். ஆள் சொதப்பலாம், இசை அவரை மாபெரும் உளவாளியாகவே நம்ப வேண்டும். உளவுப் படங்களின் அந்த மர்ம ஒலிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம் ஆகிய ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டு (chord). கீரவாணி ராகம் தெரிந்தவர்களுக்கு நான்கும் பழகிய ஸ்வரங்கள். மேல் ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் அதை ஒட்டிய காகலி நிஷாதம் 225 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் ஒலி வினாடிக்கு 15 முறை ஏறி இறங்கும். அந்தக் கரகரப்பைக் காது அமைதியின்மையாக உணர்கிறது. அதைக் குதிக்கும் கணம்வரை வளர்த்து, காற்றில் இருக்கும் இரண்டு தட்டுக்கும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும்.

விழும் 'டமால்' பெரும்பாலும் ஸ்டுடியோவில் தனியாகச் சேர்க்கப்படுவது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். கடற்கரைச் சாலையில் நின்று 34 மீட்டர் தள்ளி உடையும் அலையைப் பார்த்தால் சத்தம் 0.1 வினாடி பிந்தும். மூளை இதற்குப் பழகியிருக்கிறது. அதனால் ஒலி இரண்டு ஃப்ரேம் முந்தினாலே உறுத்தும், இரண்டு ஃப்ரேம் பிந்தினால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனால் பெரிய தியேட்டரில் கடைசி வரிசை திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால், அங்கே ஒலி தானாகவே இரண்டு ஃப்ரேம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால்தான் மிக்ஸிங்கில் அந்த 'டமால்', முதுகு பூவைத் தொடும் அதே ஃப்ரேமில் வைக்கப்பட வேண்டும்.