ஒப்பிக்கிறதா, வாசிக்கிறதா?

இரண்டாம் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று சொன்னால் "நல்லா வாசிக்குது" என்று விட்டுவிடுகிறோம். மற்ற வரிகளைத் தாளால் மறைத்து, கடைசி வரியை மட்டும் காட்டிக் கேளுங்கள். திணறினால், அது காதில் விழுந்ததை ஒப்பிக்கிறது என்று பொருள். எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டுப் படிக்கும் வகுப்பில் இது வெளியே தெரியவே தெரியாது.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்பது வீண் காத்திருப்பு. (ங வரிசையில் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் 'ங்' ஒன்றுதான்.) ப, ம, ட, ர, க, ல ஆறோடு புள்ளியும் தெரிந்தால் படம், மரம், கடல், பகல் வாசித்துவிடலாம். கால் சேர்ந்தால் பால், பாலம், மாமரம்.

அதிகம் தடுக்குவது கொம்பில். கண் இடமிருந்து வலமாக ஓடுகிறது. கொம்பு முன்னால் நிற்க, ஒலியோ பின்னால் வருகிறது. 'தேன்' என்பதை 'ஏ... த... ன்' என்று கூட்டும். 'கொடி' இன்னும் மோசம்: காலை 'ர' என்று எண்ணி 'கெரடி' என்னும். முதலில் 'க' அட்டையை வையுங்கள். கொம்பையும் காலையும் பிள்ளையே இரு பக்கமும் வைக்கட்டும். புத்தகத்தில் மூன்றையும் சேர்த்துப் பென்சிலால் ஒரே வட்டம் போட்டு, "இது மூணும் ஒரே எழுத்து கண்ணு" என்றால் போதும்.

அடுத்தது உகர வரிசை. ஒரே ஒலிக்குப் பல வடிவம். பு, சு, வு, யு ஒரு நாள்; து, நு, று, லு, னு இன்னொரு நாள்; மு, டு, ரு, ளு பிறகு. 'கு' தனி. ஒரே மூச்சில் நடத்தினால் எல்லாம் குழம்பும்.

வாசிப்புக்கு நான்கைந்து பேராக உட்கார வைத்துத் தினமும் பத்து நிமிடம் போதும். தடுக்கினால் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு சொல்ல விடாதீர்கள். இருபது சொல்லில் இரண்டுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பகுதி இப்போதைக்குக் கடினம், இறங்கி வாருங்கள். ஒரே சிறு பகுதியை மூன்று நாள் வாசிக்கட்டும். மூன்றாம் நாள் தடங்கலில்லாமல் போகும்போது குரல் தானாக உயரும்.

'வந்தது' என்பதை 'வந்துச்சு' என்று வாசித்தால் உடனே வெட்டாதீர்கள். பொருள் புரிந்துதான் வீட்டுப் பேச்சில் சொல்கிறது. வரி முடிந்தபின் சொல்லைக் காட்டினால் போதும். 'வந்தான்' என்பதை 'வந்தாள்' என்றால்தான் கவலை. அது முன்பாதியைப் பார்த்து அடிக்கும் ஊகம்.

நம் கொங்குப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் உண்டு. திருப்பூரில் இந்தி, ஒடியாவும். அவர்களுக்குப் பொருளும் பேச்சும் முதலில், எழுத்து பிறகு. அட்டைச் சொற்களும் தறி, நூல், மஞ்சள், தேங்காய் என்று ஊரில் கண்ணில் படுவதாக இருக்கட்டும்.

2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் "நீ அரும்புதானே" என்பது பட்டப்பெயராகிவிடக் கூடாது. மாதம் ஒருமுறை சோதித்து இடம் மாற்றுங்கள்.

புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சியைக் கூட்டுவது அதற்கப்புறம்.