பலவாண்டுக் கொள்முதல்: 'நீண்டகால ஒப்பந்தம்' ஏன் தவறு?

2024 ஜூன் மாதம் அமெரிக்கத் தரைப்படை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு 450 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. பேட்ரியாட் வான்காப்பு அமைப்பிலிருந்து ஏவும் பாக்-3 எம்எஸ்இ ரக இடைமறிப்பு ஏவுகணைகள் 870. மூன்று நிதியாண்டுகளின் தேவைக்கு ஒரே கையெழுத்து. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. 'பலவாண்டுக் கொள்முதல் ஒப்பந்தம்' என்று எழுதி அனுப்பினேன். வெளிவந்தபோது அது 'நீண்டகால ஒப்பந்தம்' ஆகியிருந்தது. கேட்டதற்கு, "வாசகருக்கு அதுதான் புரியும்" என்றார்கள்.

அதைப் படித்த என் அக்கா மகன் அன்று மாலையே போன் செய்தான். "மாமா, மூணு வருஷத்துக்குப் போட்டா அது எப்படி நீண்டகாலம்? எங்க கம்பெனி பிரிண்டர் வாடகைக்கே அஞ்சு வருஷம் போட்டிருக்கு." புரியும் என்று நம்பி மாற்றிய சொல் முதல் வாசகனையே குழப்பிவிட்டது. அன்றிலிருந்து ஏவுகணை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்தச் சொல் காதில் விழுகிறது. இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். 'ஒப்பு' என்ற வேரிலிருந்து வந்தது ஒப்பந்தம். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறத்தாழ இதே வடிவில் இருக்கிறது. கொள்முதல் என்றால் கடைக்காரர் பேச்சில் சரக்கு வாங்கிய விலை. நெல் கொள்முதல் நிலையம் வந்த பிறகு, அரசு வாங்குவது என்ற பொருளும் அதில் ஊன்றிவிட்டது. இலங்கை அரசு வழக்கில் கொள்வனவு, பெறுகை என்ற இரண்டும் உண்டு. இரண்டுமே நல்ல சொற்கள். பல என்பதோடு ஆண்டு சேர்ந்தால் பலவாண்டு, பல்லாண்டு என இரண்டு வடிவமும் இலக்கணப்படி சரி. இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இது எதற்குப் பெயர் என்று தெரிந்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று சொல்ல முடியும். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்தந்த ஆண்டு காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்கும் பணத்தைத்தான் ராணுவம் செலவிடலாம். ஒதுக்காத பணத்தை நம்பி ஒரு அதிகாரி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. ஆகவே வழக்கமான முறையில் இந்த ஆண்டின் ஏவுகணைக்கு ஓர் ஒப்பந்தம், அடுத்த ஆண்டுக்கு இன்னொன்று. இதற்கு விலக்காக, பொதுவாக அதிகபட்சம் 5 ஆண்டுகளின் தேவையை ஒரே ஒப்பந்தத்தில் வாங்க ராணுவத்துக்குத் தனி அனுமதி தருவதுதான் இந்த முறை. பணம் அப்போதும் ஆண்டுக்கு ஆண்டுதான் வரும். ஆனால் நடுவில் ஓர் ஆண்டு காங்கிரஸ் கையை விரித்துவிட்டால், நிறுவனத்துக்கு அரசு ரத்துத் தொகை கட்ட வேண்டும். அதன் உச்சவரம்பு முன்கூட்டியே பேசி எழுதப்பட்டிருக்கும்.

செங்கல் சூளைக்காரரிடம் போய், "இந்த வருஷம் ஒரு லட்சம் கல் கொடுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொன்னால் அவர் இருக்கிற சூளையிலேயே சுட்டுத் தருவார். "வருஷத்துக்கு ஒரு லட்சம், அஞ்சு வருஷம் எடுத்துக்கறேன், நடுவில நான் நின்னா உங்க நஷ்டத்துக்கு இவ்வளவு தரேன்" என்று எழுதிக் கொடுத்தால் இரண்டாவது சூளை கட்டுவார், ஆள் சேர்ப்பார், விறகை மொத்தமாகப் பேசி விலையைக் குறைப்பார். அந்தக் குறைவில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும். ஏவுகணையிலும் இதேதான். ராக்கெட் மோட்டாரையும் மற்ற பாகங்களையும் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து முன்கூட்டியே வாங்கலாம்.

இதில் எங்கே இருக்கிறது நீண்டகாலம்? காலம் இங்கே பக்க விஷயம். வாங்குகிறவர் தண்டம் கட்டாமல் பின்வாங்க முடியாதபடி கட்டுப்படுகிறார், அதுதான் இதன் உயிர். அமெரிக்கக் கொள்முதல் விதிகளே இந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கின்றன. பல ஆண்டு ஓடக்கூடிய ஒப்பந்தம் இன்னொரு வகையும் உண்டு. அதில் முதல் ஆண்டு மட்டும் உறுதி. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் "தொடர்கிறேன்" என்று அரசு தன் விருப்புரிமையைப் பயன்படுத்தினால்தான் நீளும். பயன்படுத்தாவிட்டால் அதோடு முடிந்தது, யாருக்கும் ஒரு காசு தர வேண்டாம். விருப்புரிமை இல்லாமலே பல ஆண்டுத் தேவையை வாங்குவதுதான் நாம் பேசும் வகை. இரண்டையும் 'நீண்டகால ஒப்பந்தம்' என்று எழுதினால், ஆண்டுக்கு ஆண்டு கைகழுவக்கூடிய பத்தாண்டு ஒப்பந்தமும், கைகழுவினால் தண்டம் கட்ட வேண்டிய மூன்றாண்டு ஒப்பந்தமும் ஒரே பெயரில் வந்து நிற்கும். இரண்டும் நேரெதிர். அதிலும் மூன்றாண்டு ஒப்பந்தம்தான் அரசைக் கட்டிப்போடுகிறது. சொல்லைப் பார்த்தால் வாசகருக்கு இது தலைகீழாகத் தெரியும்.

இந்த வேறுபாட்டின் மேல்தான் அமெரிக்காவில் பெரிய விவாதமே நடக்கிறது. ஒரு காங்கிரஸ் பின்னால் வரும் காங்கிரஸின் கையைக் கட்டலாமா என்பது அங்கே பழைய கேள்வி. அதனால்தான் சட்டம் நிபந்தனை வைக்கிறது: சேமிப்பு கணிசமாக இருக்க வேண்டும், தேவை நிலையாக இருக்க வேண்டும், வடிவமைப்பு அடிக்கடி மாறக் கூடாது, பெரிய ஒப்பந்தத்துக்குக் காங்கிரஸே தனியாக அனுமதி தர வேண்டும். 1981 இல் சட்டத்தைத் திருத்தி வழியைத் திறந்தார்கள். 1982 இல் எஃப்-16 விமானங்களை இப்படி வாங்கினார்கள். அப்புறம் சி-17 விமானம், வர்ஜீனியா வகை நீர்மூழ்கி என்று போயிற்று. குண்டும் ஏவுகணையும் மட்டும் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கிலேயே கிடந்தன. பட்ஜெட்டில் பணம் குறைந்தால் முதலில் வெட்டுவது அவற்றின் எண்ணிக்கையைத்தான். அதை நம்பி எந்த ஆலை இரண்டாவது சூளை கட்டும்? உக்ரைன் போர் வந்தபோது அதன் விலை தெரிந்தது. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு மாதம் சுமார் 14,000 தான் தயாராகிக்கொண்டிருந்தது; இலக்கை ஒரு லட்சமாக வைக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம்தான் குண்டு, ஏவுகணைகளுக்குப் பலவாண்டு முறையைப் பரவலாகத் திறந்துவிட்டது. இத்தனை கதையும் 'நீண்டகால' என்ற சொல்லில் காணாமல் போகிறது.

சரி, பல்லாண்டு? நண்பர் ஒருவர் உறுதியாக இதைப் பரிந்துரைத்தார். இலக்கணம் அவர் பக்கம் இருக்கிறது, வழக்கு இல்லை. தமிழில் பல்லாண்டு என்பது வாழ்த்து. வைணவக் கோயிலில் தினமும் பாடுவது, கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்த்துச் சொல்வது. 'பல்லாண்டு காலமாக' என்று எழுதினால் எண்ண முடியாத காலம் என்றே மனம் எடுத்துக்கொள்ளும். ஐந்தாண்டு வரம்புள்ள ஓர் ஏவுகணைக் கொள்முதலுக்கு அந்த இரண்டு நிறமும் வேண்டாம். பலவாண்டு என்ற வடிவத்துக்கு அப்படிப் பழைய நினைவு எதுவும் ஒட்டவில்லை, அதனால் கலைச்சொல்லுக்குத் தோதானது.

'ஆயுத பேரம்' என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போஃபர்ஸ் விவகாரத்துக்குப் பிறகு அந்தச் சொல்லில் கமிஷன் வாடை ஏறிவிட்டது. ஊழல் செய்திக்கு எழுதலாம். காங்கிரஸ் ஒப்புதலோடு நடக்கும் கொள்முதலைப் பேரம் என்று எழுதினால் ஆதாரம் இல்லாமலே ஒரு குற்றச்சாட்டு வைத்ததாகும்.

இன்னொரு சிக்கல் வெடிமருந்து. பழைய நல்ல சொல்தான், பட்டாசுத் தொழிலில் இன்றும் 'மருந்து' என்றுதான் சொல்கிறார்கள். அருவங்காடு கார்டைட் ஆலையைப் பத்திரிகைகள் வெடிமருந்துத் தொழிற்சாலை என்று எழுதுவது பொருத்தமே, அங்கே உருவாவது குண்டை உந்தித் தள்ளும் மருந்து. ஆனால் ஒரு முழு ஏவுகணையை வெடிமருந்து என்று எழுதுவது அரிசியைக் காட்டிப் பொங்கல் என்பது போல. போர்த்தளவாடம் என்றால் டாங்கி, லாரி வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். சுட்டதும் தீர்ந்துபோகிறவற்றுக்கு 'குண்டுகளும் ஏவுகணைகளும்' என்று இரண்டு சொல்லாகவே எழுதிவிடலாம். ஒரே சொல்லில் அடக்கியே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைத் திறந்து பக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது, பணம் எப்போது கைமாறுகிறது என்று ஐந்து நிமிடம் படிப்பதில்லை. நேரம் தருவதில்லை என்பது உண்மைதான், நானும் அந்த அவசரத்தில் வேலை செய்தவன். ஆனால் அதன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 450 கோடி டாலர் என்றால், 'அமெரிக்கா 450 கோடி டாலர் கொடுத்தது' என்று எழுதிவிடுகிறார்கள். கொடுக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீடு வர வர, ஏவுகணை தயாராகத் தயாராகப் பணம் போகும். சொல் சரியாக இருந்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது. பலவாண்டு என்று எழுதிய கை, எந்தெந்த ஆண்டு என்று கேட்டிருக்கும்.

விருப்புரிமையோடு நீளும் வகைக்கு 'ஆண்டுதோறும் நீட்டிக்கத்தக்க ஒப்பந்தம்' என்றே எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. 'நீண்டகால ஒப்பந்தம்' என்பது எரிவாயு வாங்கவும் துறைமுகம் நடத்தவும் இருபது முப்பது ஆண்டுக்குப் போடுகிறார்களே, அதற்கு இருக்கட்டும்.

அந்த ஜூன் மாதச் செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "பாக்-3 எம்எஸ்இ ஏவுகணைகள் 870 வாங்க, 2024 முதல் 2026 வரையான மூன்று நிதியாண்டுகளுக்கு லாக்ஹீட் மார்ட்டினுடன் அமெரிக்கத் தரைப்படை பலவாண்டுக் கொள்முதல் ஒப்பந்தம் செய்தது. மொத்த மதிப்பு 450 கோடி டாலர். இந்தத் தொகை ஆண்டுதோறும் காங்கிரஸ் ஒதுக்கீட்டிலிருந்து வழங்கப்படும்."