அலை நிற்கும், தண்ணீர் ஓடும்: திரிசூலி ஆற்றில் ராஃப்டிங்

கடலில் அலை நகரும், தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். மலையாற்றில் இது தலைகீழ். அலை ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர்தான் அதற்குள் புகுந்து ஓடிக்கொண்டே இருக்கும். நேபாளத்தில், காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போகும் சாலையை ஒட்டியே வெகுதூரம் வருகிற திரிசூலி ஆற்றில் ஏப்ரல் மாதம் இரண்டு நாள் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டு ஆற்றோடு போவது) போயிருந்தேன். புறப்படும் இடமான சரௌடியில் ராஃப்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கக் கரையில் நின்று ஓர் அலையையே பார்த்தேன். முகடு துடிக்கிறது, நுரை தெறிக்கிறது, இடம் மட்டும் மாறவே இல்லை.

காரணம் இதுதான். ஆழம் குறைந்த தண்ணீரில் ஓர் அலை எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. ஒரு மீட்டர் ஆழமென்றால் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர். ஆறு அதைவிட வேகமாக ஓடும் இடத்தில் எந்த அலையும் எதிர்த்து ஏற முடியாது, ஆறு அதைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும். பாறை மேல் ஏறி வழியும் தண்ணீர் அப்படித்தான், மெல்லிசாக, கண்ணாடி போல வழவழவென்று, படுவேகமாக இறங்குகிறது. கீழே ஆழமான, மெதுவான தண்ணீர் கிடக்கிறது. வேகமாக வந்த நீர் அங்கே சட்டென்று வேகம் குறைந்தாக வேண்டும், பின்னாலிருந்து இன்னும் வந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது, வேறு வழியில்லாமல் மேலே எழும்புகிறது. பொறியியலில் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டம், அதற்கு வெளியே சட்டென்று உயர்ந்த ஒரு விளிம்பு தெரியுமே, அது இதற்கு உறவுக்காரன்.

எழும்பிய நீர் உடையும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. அந்த வெள்ளை நிறம் முழுக்கக் காற்றுக்குமிழிகளின் வேலை. ஒவ்வொரு குமிழியின் பரப்பிலும் எல்லா நிறமும் சேர்ந்தே சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், காற்று கலந்த தண்ணீர் எடை குறைந்தது, அதனால் அதில் மிதப்பும் குறைவு, துடுப்புக்குப் பிடிமானமும் கிடைக்காது. முதல் ரேப்பிட்டில், அதாவது ஆறு நுரைத்துப் பாயும் இடத்தில், நான் நுரையைத்தான் வாரிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கைடு "ஆழமா, ஆழமா!" என்று இந்தியில் கத்தினார். துடுப்பை மணிக்கட்டு வரை நனையும்படி இறக்கினேன், நுரைக்கு அடியில் கெட்டியான பச்சைத் தண்ணீர் தட்டுப்பட்டது, ராஃப்ட் முன்னால் நகர்ந்ததை உடம்பு உணர்ந்தது.

உண்மையில் பயப்பட வேண்டியது பெரிய அலைக்கு அல்ல, பாறைக்குப் பின்னால் இருக்கும் "ஹோல்" என்பதற்கு. செங்குத்தாக விழும் நீர் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது, அந்தக் குழியை நிரப்ப சற்றுத் தள்ளி ஓடிப்போன மேற்பரப்பு நீர் ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கி வருகிறது. அதில் மாட்டிய ராஃப்டை அது பாறைப் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் துடுப்பை விட்டுவிட்டு எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும் அதே இடத்தில் "ஃபார்வர்ட்!" என்று கட்டளை வருகிறது. ஆள்களோடு கனத்த ராஃப்டுக்குப் போதுமான வேகம் இருந்தால் பின்னோட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். பாறையின் ஹோலுக்காவது இரண்டு பக்கமும் வழி இருக்கும். நம் ஊர் தடுப்பணைகளின் அடியில் இதே சுழல் கரையிலிருந்து கரை வரை ஒரே சீராக நீண்டு கிடக்கலாம், பக்கவாட்டில் தப்பிக்க வழியே இல்லாமல். தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் தடுப்பணைக்கு அடியில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள், தயவுசெய்து.

தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் பாறை வேறு மாதிரி. அதன் பின்புறம் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்கிறது, அந்தப் பள்ளத்தை நிரப்பக் தாண்டிப்போன தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருகிறது, ஆறு முழுக்க இரைந்துகொண்டிருக்க அங்கே மட்டும் குளம் மாதிரி ஓர் இடம். கைடுகள் இதை எடி என்கிறார்கள். மூச்சு வாங்கவும், அடுத்த ரேப்பிட்டைப் பார்த்துவைக்கவும், விழுந்தவரைத் தூக்கவும் இதுதான் இடம். ஆற்றோடு வரும்போது முன்னால் பார்த்தால், கூர்முனை நம்மைப் பார்த்து இருக்கும் வி வடிவம் தெரிந்தால் அங்கே ஒரு பாறை. முனை ஆறு ஓடும் திசையைக் காட்டினால் இரண்டு பாறைகளுக்கு நடுவே போகும் வழி.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும், எழுந்து நிற்கவே கூடாது. இடுப்பளவு தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் கால் கற்களுக்கு இடையே சிக்கினால் ஆறு உடம்பை முன்னால் மடக்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

இந்தக் கற்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? சுமார் 5 கோடி ஆண்டுகளாக இந்தியத் தட்டு ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது, மலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, ஆறு அறுத்துக்கொண்டே இருக்கிறது. பருவமழையில் சரிவுகள் இடிந்து, துணையாறுகள் பெரும் கற்களை உருட்டி வந்து பேராற்றில் சேரும் இடத்தில் கொட்டுகின்றன. அங்கே ஆறு குறுகுகிறது, ரேப்பிட் பிறக்கிறது. பக்கவாட்டில் ஓர் ஓடை வந்து சேருவது தெரிந்தால் துடுப்பைச் சரியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று மதியத்துக்குள் நாங்களே கற்றுவிட்டோம்.

ரேப்பிட்டுகளுக்கு 1 (மிக எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் உண்டு, திரிசூலியில் பெரும்பாலும் 3. ஆனால் அந்த எண் நீர்மட்டத்தோடு மாறுவது. தண்ணீர் ஏறினால் நேற்றைய பாறை முழுகி ஹோல் ஆகும், இன்னும் ஏறினால் வெறும் அலையாகிவிடும். இரவு மணல்திட்டில் கூடாரம் போட்டோம். படுக்கும் முன் கைடு தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தார். மேலே உருகிய பனியோ, எங்கோ பெய்த மழையோ, காலையில் குச்சி நான்கு விரல் அளவு தண்ணீருக்குள் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு, டீ குடித்து முடிக்கும் வரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வலப்பக்கமாகப் போவதாக முந்தின நாள் சொன்ன ரேப்பிட்டில் எங்களை இடப்பக்கமாகக் கொண்டுபோனார்.